பிரதான் கையில் கொடுத்தது

கடலில் எண்ணெய் தேடும் வெளிநாட்டுக் கம்பெனி, அரசுக்கும் பஞ்சாயத்துக்கும் கொடுத்த பணத்தின் கணக்கையெல்லாம் தன் நாட்டுச் சட்டப்படி அந்தமானின் மாயாபந்தர் படகுத்துறையில் போர்டாக எழுதி வைத்திருந்தது.

'கிராமச் சாலைக்குப் பத்து லட்சம்' என்ற வரி மரகதத்தை உறுத்தியது. சுனாமி பிளந்துபோட்ட சாலையில் இன்னும் ஒரு கூடை ஜல்லிகூட விழவில்லை.

கம்பெனி மேனேஜர் சந்திரசேகரிடம் போனாள். "போர்டுல இருக்கறது நெஜமா சார்?"

"பக்கா. உங்க பஞ்சாயத்துத் தலைவர், பிரதான்ஜி கையிலயே கொடுத்தேன்."

"எங்க வச்சு?"

"உங்க வீட்லதாம்மா. நீங்கதானே சாய் கொண்டுவந்தீங்க."

அவளைத் தேடி அப்போதுதான் உள்ளே வந்த கணவன் கோவிந்தராஜ், "நேரமாச்சு, சலோ" என்று அவள் கையைப் பிடித்து இழுத்தான்.

மரகதம் நகரவில்லை.

"நீங்க கொடுத்தது என் வீட்டுக்காரர்கிட்ட சார். எலெக்‌ஷன்ல ஜெயிச்ச பிரதான், அன்னிக்கு உங்களுக்கு சாய் போட்டுக்கிட்டு இருந்தா."