வலது காலைத் தாங்கியவன்

புளியோதரை மட்டும் போதுமா, தயிர்சாதமும் கட்டிக்கொள்ளலாமா என்று யோசித்தபடியே அவள் துண்டை மடித்துப் பையில் வைத்தாள்.

காரைக்குடிப் பக்கத்துப் பழைய மாளிகைகள். ஒன்றின் பின்னால் குளத்தோடு தோட்டமும் உண்டாம். மதுரையிலிருந்து விடியற்காலையில் கிளம்பினால் இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடலாம்.

இரண்டு வருஷமாகக் கேட்டு, இப்போதுதான் கணவன் தலையாட்டியிருந்தான். பழைய வீட்டில் என்ன இருக்கிறது, தூணும் தூசியும்தானே என்பான். அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை என்பான்.

கட்டிலில் சாய்ந்து போனைத் தடவிக்கொண்டிருந்தவன் தலை நிமிராமல் சொன்னான்.

"கோமதி, சாக்ஸ் எடுத்துக்க. செருப்ப வாசல்லயே கழட்டச் சொல்லிருவாங்க. நடு முத்தத்துக் கல்லு வெயில்ல கொதிக்கும்."

எடுத்து வைத்தாள்.

"ஆளுக்கு ஒரு ஜோடி எடு. ஒரே ஜோடியப் பங்கு போட்டா ஆளுக்கு ஒரு கால் வெந்துரும்."

சொல்லிவிட்டுத் தனக்குள் சிரித்துக்கொண்டான்.

அவள் கை பைக்குள்ளேயே நின்றுவிட்டது.

போன பங்குனி. அவள் வயிற்றுக் கட்டி ஆபரேஷன் நல்லபடி முடிந்தால் வெறுங்காலோடு பழனிக்கு நடப்பதாக வேண்டியிருந்தான். முடிந்தது. போனான். நாலாம் நாள் நொண்டிக்கொண்டே வந்தான்.

இடது பாதம் முழுக்கக் கொப்புளம்.

வலது பாதத்தில் ஒரு கீறல் இல்லை.

தரையில் உட்கார்ந்து, அந்தக் காலை மடியில் போட்டு, அவள்தான் கற்றாழை வைத்துக் கட்டினாள். "வலது கால முருகனே தாங்கிக்கிட்டான்" என்று அழுதாள்.

அவன் மறுக்கவில்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

அதைத் தெரு முழுக்கச் சொன்னாள். வீட்டுக்கு வீடு பஞ்சாமிர்தம் வேறு. பஞ்சாமிர்தம் எந்தப் பஸ் ஸ்டாண்டில்தான் கிடைக்கவில்லை.

பைத்தியக்காரி. ரோட்டில் நடந்தவனுக்கு ஒரு கால் மட்டும் வேகுமா என்று ஒரு நிமிஷம் யோசித்தாளா?

எட்டிக்கூடப் பார்க்காத வீட்டின் முற்றத்துக் கல் கொதிக்கும் என்று இவனுக்கு எப்படித் தெரியும்? வலது காலுக்கு ஒரு சாக்ஸ். இன்னொன்று எவள் காலில் இருந்ததோ.

ஊர் சுற்றியது ஒரு பக்கம் கிடக்கட்டும். அவள் உயிரைச் சாக்குச் சொல்லிச் சுற்றியிருக்கிறான். சாமியைத் துணைக்கு இழுத்திருக்கிறான். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. ஆறிப்போன தையல் சுரீரென்றது.

கேட்கலாம். கேட்டால் அதற்கும் ஒரு கதை வைத்திருப்பான்.

"காலையிலயே முத்தத்தப் பாத்துரலாம், வெயில் தெரியாது" என்றான்.

"அவசரமென்னங்க. மொதல்ல தோட்டம். முத்தத்துக்கு உச்சி வெயில்ல போவோம்."

அவனுடைய பெரிய ஜோடியைப் பையிலிருந்து எடுத்தாள். அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்துக் கதவைச் சாத்தினாள்.

வேண்டுதலைப் பாக்கி வைக்கக் கூடாது.