இருபத்து நான்காவது படம்

"என்ன மாப்ள, கைய உள்ள விட்டுக் கோழிமுட்டையா தேடுதீங்க?"

ஜாபேஸ் சிரிக்கவில்லை. மேசைமேல் கறுப்பு ரெயின்கோட்டு கிடந்தது. கழுத்தையும் அடியையும் சுருட்டிக் கட்டி, மேலே கம்பளி போர்த்தியிருந்தான். கோட்டின் கைகள் வழியாக அவனுடைய இரண்டு கைகளும் உள்ளே போயிருந்தன. உள்ளே ஒரு பிளாஸ்டிக் கேமரா.

"வெளிச்சம் பட்டா எல்லாப் படமும் போயிரும், அத்தை. பல்சக்கரம் நழுவிட்டு. தடவித்தான் மாட்டணும்."

ஜெயபாய் அவனுடைய மாமியார். சாயர்புரத்தில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அவனுக்குத் தாய் தகப்பன் இல்லை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் தூக்குச்சட்டியில் கறிக்குழம்போடு தூத்துக்குடி பஸ் ஏறிவிடுவார்.

கேமரா அவர் மகள் ஜெமி செய்தது. ஆன்லைனில் மலிவாக வந்த பெட்டி. துண்டு துண்டாகப் பிளாஸ்டிக், ஸ்பிரிங், திருகாணி. நாமே மாட்டிக்கொள்ள வேண்டும். இரண்டு ஞாயிறு உட்கார்ந்து மாட்டினாள். ஒரு திருகாணி மிஞ்சியது. "ஓடுதுல்லா, பெறகென்ன?" என்றாள். பிலிமில் இருபத்து நான்கு படம். அவனும் அவளும் மாறிமாறி இருபத்து மூன்று எடுத்தார்கள். பிறகு ஜெமிக்கு டெங்குக் காய்ச்சல். ஐந்தே நாளில் போய்விட்டாள்.

பத்தொன்பது மாதம் கேமரா அலமாரியில் இருந்தது. அந்த மாதங்களில் யார் படமெடுக்கப் போனைத் தூக்கினாலும் ஜாபேஸ் எழுந்து போய்விடுவான். கொழுந்தியாள் ஷெர்லியின் கல்யாண ஆல்பத்தில்கூட அவன் முகம் இல்லை.

உள்ளே 'டக்' என்றது.

"மாட்டிட்டு."

பின்மூடியை உள்ளேயே அடைத்துவிட்டுக் கேமராவை வெளியே எடுத்தான். குமிழைத் திருகினான். சின்னத் துளையில் 24 வந்து நின்றது.

"ஒண்ணு மிச்சம் இருக்கோ?" என்றார் ஜெயபாய்.

"கெடக்கட்டும். அப்படியே கழுவக் குடுத்திருதேன்."

"ஏன் வீணாக்கணும்? நீங்க நில்லுங்க. நான் எடுக்கேன்."

"நான் எதுக்கு அத்தை?"

"அவ செஞ்ச கேமரா. அவ வாங்குன பிலிம். அதுக்கு முன்னால நிக்க மாட்டேன்னா அவளே ஏசுவா."



மொட்டை மாடியில், துறைமுகத்துக் கிரேன்கள் தெரிகிற பக்கமாகப் போய் நின்றான்.

"கப்பல் யாருக்கு வேணும்? இங்கன வெள்ளைச் சுவத்துக்கு முன்னால வாங்க. அந்த நீலச் சட்டை எங்க? லெந்து நோன்பு முடிஞ்சு எத்தனை மாசமாச்சு, இன்னும் என்ன தாடி?"

"இது விளையாட்டுக் கேமரா, அத்தை. மொகமே சரியாத் தெரியாது."

"தெரியும். சவரம் பண்ணிட்டு வாங்க."

பண்ணிவிட்டு வந்தான்.

"சிரிக்காண்டாம். சும்மா என்னையப் பாருங்க."

அழுத்தினார்.

பிலிம் கூரியரில் சென்னைக்குப் போனது. நான்காவது ஞாயிறுதான் உறை வந்து சேர்ந்திருந்தது. ஜெயபாய் வரும்வரை ஜாபேஸ் பிரிக்கவில்லை.

பாதிக்குமேல் வெளிச்சம் தின்றிருந்தது.

"அந்த மிஞ்சுன திருகாணி பாத்த வேலை," என்றார் ஜெயபாய்.

ஒன்பது தேறியது. நான்கில் ஜெமி. ஒன்றில் உப்பளத்து வரப்பில் துப்பட்டாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். ஜாபேஸ் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்கு ஒண்ணு எடுத்துக்கிடட்டுமா மாப்ள?"

"இதென்ன கேள்வி அத்தை?" நான்கையும் நீட்டினான்.

ஒவ்வொன்றாகப் பார்த்தார். உப்பளத்துப் படத்தில் ஜெமியின் நெற்றியை விரலால் தொட்டார். நான்கையும் அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். பிறகு மேசையில் கிடந்த கடைசிப் படத்தை, வெள்ளைச் சுவருக்கு முன்னால் நீலச் சட்டையில் அவன் நிற்கும் படத்தை, எடுத்தார்.

"அது நானில்லா?"

ஜெயபாய் பைபிள் உறையின் ஜிப்பைத் திறந்து, மடித்த தாள் ஒன்றை எடுத்து விரித்து, படத்தை அதன் மூலையில் குண்டூசியால் குத்தினார்.

'மணமகன் விவரம்' என்று தொடங்கிய அந்தத் தாளில் அவனுடைய பெயர், படிப்பு, வேலை எல்லாம் குண்டு குண்டான டீச்சர் கையெழுத்தில் இருந்தன. அடியில், தொடர்புக்கு: ஜெயபாய், மணமகனின் தாயார்.