படத்தில் இருந்த விரிசல்

ஆய்வு மைய இயக்குநர் சன்னலோரம், நுண்ணோக்கி இயக்கும் அக்கா அவருக்கு எதிரில், கடிதம் எழுத நான் கதவோரம். ஆய்வுக் கருவிகளைப் பகிரும் கூட்டமைப்பில் எங்கள் பல்கலைக்கழக மையம் சேர, ஒரு கண்ணாடிச் சில்லை ஒப்பீட்டுக்கு அனுப்பவேண்டும். அனுப்புமுன்பே அங்கிருந்து அதன் படம் வந்துவிட்டது. மூலையில் அக்கா பொறித்த எண்ணும் இருந்தது.

“யாருக்கும்மா கொடுத்தே? சொல்லு, இல்லேன்னா வேலையை விட்டுடு” என்றார் இயக்குநர் அக்காவிடம்.

“பெட்டியிலேயே இருக்கு சார். அதுக்கென்ன றெக்கையா முளைச்சிருக்கு?”

பெட்டியைத் திறந்தோம். சில்லு இருந்தது. படத்தில் மட்டும் குறுக்கே ஒரு விரிசல், எங்களுடையதில் இல்லை.

“அப்போ அது எவனோ பண்ணின போலி. நம்மதை அனுப்புப்பா” என்றார், அக்காவை முறைத்தபடியே.

சில்லைப் பஞ்சில் பொதிந்து, கடிதத்தோடு உறையிலிட்டு ஒட்டினேன். உள்ளே மெல்ல ‘டிக்’கென்றது. பிரித்துப் பார்த்து அதே விரிசல் இருந்தால், படம் போலியில்லை என்றாகி அக்காவின் வேலை போய்விடும். தபால்காரரிடம் கொடுத்தனுப்பிவிட்டேன்.