கட்டிய கைகள்

கும்மிடிப்பூண்டி பஜாரில் இம்மானுவேலின் பிரவுசிங் சென்டருக்குள், பலகைத் தடுப்பின் மறைவில் மெஹர்னிசா ஆன்லைன் எம்.பி.ஏ. வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாள். திரையின் நீல வெளிச்சம் அவள் முக்காட்டில் நடுங்குகிறது. வெளியே ஒரு லாரி விடாமல் ஹாரன் அடிக்கிறது. பேராசிரியர் பாடத்தின் நடுவே திடீரென்று ஒருவர் பெயரைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்பவர். முகமும் குரலும் வராவிட்டால் இன்டர்னல் மார்க் கிடையாது. போன வாரம் அவள் பெயர் வந்தபோது கரண்ட் போய்விட்டது. இன்று நகத்தால் மேசையைச் சுரண்டியபடி விடையை முணுமுணுத்துக்கொண்டே இருக்கிறாள். "மெஹர்னிசா!" ஹெட்போனில் பெயர் வெடிக்கிறது. நாற்காலி பின்னால் சரிய, விருட்டென்று எழுந்து, கைகளைக் கட்டிக்கொண்டு, ஒரு சொல் பிசகாமல் சொல்லத் தொடங்குகிறாள். கம்ப்யூட்டரிலிருந்து பிடுங்கிக்கொண்ட ஹெட்போன் வயர் அவள் தோளிலிருந்து தொங்குகிறது. திரையின் மூலையில், கேமரா காட்டும் சின்னச் சதுரத்தில், தலை இல்லை. கட்டிய கைகள் மட்டும் தெரிகின்றன. பேராசிரியரின் உதடுகள் மறுபடியும் அவள் பெயரைச் சொல்லி அசைகின்றன. இம்மானுவேல் ஓடி வருகிறார். "இன்னாம்மா நின்னுக்கினு கீறே? உக்காரு, அவருக்கு உன் மூஞ்சியே தெரியல!" அவள் கட்டிய கையை எடுக்கவில்லை. கண் கலங்க, குரலைத் தாழ்த்திச் சொல்கிறாள்:

"சார் இன்னும் உக்காரச் சொல்லலியேண்ணா."