எட்வின் ஹரலுக்கு விருது

“அந்த எட்வின் ஹரல் போன வாரம் செத்துட்டாராமே! இனிமேலாவது அந்தப் பேரை எனக்குக் கொடுங்கம்மா” என்று லண்டன் நடிகர் சங்கத்துக்குப் போன் செய்தேன்.

“தாராளமா வச்சுக்குங்க.”

அது என் அப்பா எனக்கு வைத்த பெயர். ஒரே பெயரில் இரண்டு பேர் நடிக்கக் கூடாது என்பது சங்கத்துச் சட்டம். செத்துப்போன அந்த நடிகன் எனக்கு முன்னால் சங்கத்தில் சேர்ந்துவிட்டான். நாற்பது வருடம் ராய் பெக் என்ற பெயரில் பட்லர் வேஷமும் போலீஸ்காரன் வேஷமும் போட்டுக் காலம் தள்ளினேன்.

அடுத்த படத்தில் தாடி வைத்த குருட்டுப் பாதிரியார் வேஷம். திரையில் முதல்முறையாக என் சொந்தப் பெயர்.

விருது விழாவில் அறிவித்தார்கள்: “சிறந்த துணை நடிகர், எட்வின் ஹரல்!”

கோட்டுப் பித்தானைப் போட்டுக்கொண்டு எழுந்தேன்.

“வருத்தமான விஷயம், அவர் போன வருஷம் காலமாயிட்டார். எல்லாரும் ஒரு நிமிஷம் எழுந்து நிப்போம்.”

அரங்கமே எழுந்து நின்றது. நான் வாயைத் திறந்தேன்.

“உஷ்!” என்று பக்கத்தில் நின்ற அம்மாள் அதட்டினாள். பிறகு என் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

“நீங்க அந்த பட்லர் ராய் பெக்தானே? செத்தவருக்காக ஒரு நிமிஷம் வாயை மூடிக்கிட்டு நிக்கக் கூடாதா? ஏழு ஜென்மம் எடுத்தாலும் அவர் நடிப்பு உங்களுக்கு வருமா?”