நனையாத ஞானஸ்நானம்

"தொட்டியில முங்கி ஞானஸ்நானம் எடுக்கணும், தம்பி. இல்லன்னா நம்ம சங்கரன்கோவில் சபையில கல்யாணம் நடக்காது" என்றார் பாஸ்டர்.

மின்விசிறிக்கு எட்டாத மூலையில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை ஜெபசிங் வேதத்தைத் திறந்தான்.

"செங்கடலைக் கடந்ததே ஞானஸ்நானம்னு பவுல் சொல்லுதாரு, ஐயா. கடந்தவங்களுக்குக் கால்கூட நனையல. முங்குனது பார்வோன் சேனைதான். எனக்கு ரெண்டு சொட்டுத் தெளிச்சு விட்டாப் போதும்."

பாஸ்டர் வேதத்தை வாங்கி அந்த வசனத்தைப் படித்துப் பார்த்தார்.

"எப்பவோ கேட்ட வியாக்கியானமா இருக்கே... சரி, தெளிச்சிருவோம்."

வாசலில் செருப்பை மாட்டும்போது, மணப்பெண் விஜிதா அவனிடம் மெதுவாகச் சொன்னாள்:

"எங்கப்பாவும் இதே வசனத்தைச் சொல்லித்தான் தொட்டிக்குத் தப்பிச்சாவ. அவுக தலையில இருக்கதும் விக்தான்."