கிணற்றடி மாதுளை

குரலைக்கூடக் களவெடுத்துக் காசு பறிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும், பிரான்சில் இருக்கும் அண்ணை எனக்கு ஒரு கேள்வி சொல்லித் தந்தார்.

"ஆர் என்ரை குரலிலை கதைச்சாலும், எங்கடை கிணத்தடியிலை என்ன நிக்குது எண்டு கேள்."

பதில் மாதுளை. உண்மையில் அங்கே வாழை மட்டுந்தான் நிற்கிறது. அதனால் எங்கள் வீட்டைப் பார்த்தவனும் பிழையாகத்தான் சொல்வான்.

இன்று மத்தியானம் தெரியாத எண்ணிலிருந்து அண்ணையின் குரல் வந்தது. அம்மாவின் கைபேசிக்கு வங்கி அனுப்பிய ஆறு இலக்கங்களைக் கெதியாகச் சொல்லச் சொன்னது. மயிலிட்டியில் மீன் வாங்கி விற்று, தன் கண் சத்திரசிகிச்சைக்காக அம்மா சேர்த்த காசு அந்தக் கணக்கில்தான் கிடக்கிறது. நான் கேள்வியைக் கேட்டேன்.

"மாதுளை," என்றது குரல். "இண்டைக்குப் பூத்திருக்கு."

அழைப்பைத் துண்டித்துவிட்டு அண்ணையின் எண்ணுக்கு நானே எடுத்து, அந்தக் குரல் சரியான பதிலைச் சொன்னதைச் சொன்னேன்.

"நான் எடுக்கேல்லையடி. ஒருத்தருக்கும் அதைச் சொல்லவுமில்லை. நம்பரைக் குடுத்தனியே?"

"இல்லை அண்ணை."

"கெட்டிக்காரி. இனியும் அதையே கேள்."

அம்மா கிணற்றடியிலிருந்து வாளியோடு வந்தார். தண்ணீரில் சிவப்பாக ஒரு பூ மிதந்தது.

"எடி பிள்ளை, உந்த மாதுளையை எப்ப நட்டனீ? என்ரை கண்ணுக்கே தெரியுது, எனக்கொரு சொல்லுச் சொல்லேல்லை."

மேசையில் கைபேசி அடித்தது. அண்ணையின் எண்தான். கேட்பதற்கு என்னிடம் வேறு கேள்வி இல்லை.